வண்டி பூட்ச்சி

அவர் பேசியதே இரண்டு வார்த்தைதான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். டீக்கடையில் சர்க்கரை கம்மி என்பார். மயிலத்து மலை தெரிந்ததும் முருகா என்பார். யாருக்காவது பங்க்சர் ஆனால் பேசிக்கொண்டே ஒட்டிக் கொடுப்பார். ஆனாலும் இப்போது அவரை நினைத்தால் என் காதில் விழுவது அந்த இரண்டு வார்த்தைதான். ஒன்று ‘வண்டி’. இன்னொன்று ‘பூட்ச்சி’. போய்விட்டது என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

திண்டிவனத்தில் நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு மெடிக்கல் கடை. ஊருக்கெல்லாம் சர்க்கரை மாத்திரை விற்ற எனக்கே சர்க்கரை வந்து, நடங்க, இல்லாவிட்டால் சைக்கிள் ஓட்டுங்க என்று டாக்டர் சொன்னதால் நாற்பத்திரண்டு வயதில் கியர் சைக்கிள் வாங்கினேன். சுடிதாரும் ஹெல்மெட்டுமாக நான் கிளம்புவதை எங்கள் தெருவே வாசலில் நின்று பார்த்தது. இரண்டு வாரம் பார்த்தார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஜோசப் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுப்பவர். சேகர் ஒரு பேங்கில் கேஷியர், எங்களில் இளையவன், கையுறை கண்ணாடி என்று சகல அலங்காரத்தோடும் வருவான். நாலாவது ஆள் அவர்.

அவர் வைத்திருந்தது பழைய டபுள்பார் சைக்கிள். மூட்டை ஏற்றுகிற கேரியர், இரும்பு ஸ்டாண்டு, கியரும் கிடையாது ஒன்றும் கிடையாது. அறுபது வயதுக்குக் கொஞ்சம் கீழே இருப்பார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்த வண்டியில் மேடு ஏறிவிடுவார். சேகருக்கு அதில் தனி எரிச்சல். எங்களுக்குப் பின்னால்தான் வருவார். எப்போதும், எந்த ரோட்டிலும், கடைசியில். முன்னால் போங்கண்ணே என்று நான் ஒருமுறை வம்புக்கு நின்றேன். அவரும் நின்றார். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் நின்றோம். நான்தான் தோற்றேன். ரயிலில் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பவர் மாதிரி என்று வாத்தியார் அவருக்கு ‘கார்டு’ என்று பேர் வைத்தார். அதற்கப்புறம் அவருடைய சொந்தப் பேரை நாங்கள் யாரும் உபயோகிக்கவில்லை.

பின்னால் லாரி, பஸ் எது வந்தாலும் “வண்டி!” என்று கத்துவார். உடனே நாங்கள் மூன்று பேரும் தார் ரோட்டை விட்டு இடதுபக்க மண்ணில் இறங்கிவிட வேண்டும். வண்டி கடந்ததும் “பூட்ச்சி” என்பார். அப்புறம்தான் ரோட்டில் ஏறலாம். லாரி எங்கள் கண் முன்னாலேயே தாண்டி, புழுதியும் அடங்கி, நம்பர் பிளேட்டைப் படித்து முடித்தாலும், அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் ஏறக் கூடாது. ஏறினால் திட்டுவார்.

“பூட்ச்சின்னு நான் சொன்னேனா? சொன்னேனா நானு?”

“அதான் போயிடுச்சே, கார்டண்ணே.”

“உனுக்குத் தெரியுமா? முதுவுல கண்ணு கீதா உனுக்கு?”

அவர் காது ஒரு அதிசயம். எங்களுக்குச் சத்தமே கேட்காதபோது “வண்டி!” என்பார். எட்டு, ஒன்பது எண்ணுவதற்குள் வந்துவிடும். வருவது பஸ்ஸா, ஜல்லி ஏற்றிய டிப்பரா, காலி டிப்பரா என்றுகூடச் சொல்வார். காலி டிப்பர் என்றால் மட்டும் குரல் மாறும். திருவக்கரைப் பக்கம் கல் குவாரிகள் உண்டு, டிப்பர்களுக்கும் குறைவில்லை. இன்னொன்றும் இருந்தது. அவர் எவ்வளவு பின்னால் வந்தாலும் அந்தக் குரல் பத்தடி தூரத்திலிருந்து வருவது போலவே கேட்கும். சேகர் ஒருநாள் திரும்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, அவரு அங்க புள்ளி மாதிரி வர்றாரு” என்றான். குரல் காதோரம் கேட்டது, ஆள் அடுத்த வளைவில் இருந்தார். மேட்டு நிலம், காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது, எதிரொலியாக இருக்கும் என்று வாத்தியார் ஏதோ விளக்கம் கொடுத்தார். கெமிஸ்ட்ரி வாத்தியார் பிசிக்ஸ் சொன்னால் நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் போகிற வழி எப்போதும் ஒன்றுதான். மயிலம்வரை மெயின் ரோடு, அங்கே டீ. அப்புறம் கிளை ரோட்டில் திரும்பி, மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஏறி இறங்கி, ஆற்றோரமாகத் திருவக்கரை. காளி கோயிலில் ஒரு கும்பிடு, கல்லாகிப்போன மரங்கள் கிடக்கிற இடத்தில் வாத்தியாருடைய சொற்பொழிவு, திரும்பிவிடுவோம். நடுவில் ஆறு ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிற இடத்தில் ரோடும் சேர்ந்து வளையும். அதற்குப் பேர் திராட்சைத் தோட்டம். தோட்டம் இப்போது இல்லை. எங்கிருந்தோ வந்த ஒருவர் அந்தச் சரிவை வாங்கிப் பந்தல் போட்டு, நாலைந்து வருஷம் திராட்சை பயிரிட்டுப் பார்த்து, கைவிட்டுப் போய்விட்டார். பந்தலுக்கு நட்ட கல்தூண்கள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கின்றன. கம்பியைக்கூட யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலை வெயிலில் தூண்களின் நிழல் ரோட்டில் குறுக்கே விழுந்து கிடக்கும். அதன் மேல் சைக்கிள் ஓட்டுவது எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது.

அந்த வளைவில் அவர் கட்டாயம் “வண்டி!” என்பார். நாங்கள் இறங்குவோம். வண்டி வராது.

முதல்முறை நான் கவனிக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது முறை திரும்பிப் பார்த்தேன். ரோடு வெறிச்சென்று கிடந்தது. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மண்ணில் நின்றிருந்தார். பார்வை மட்டும் ரோட்டின் மேல், வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக, மெதுவாக நகர்ந்தது. பெரிய வண்டி ஒன்று தாண்டும்போது நாம் பார்ப்போமே, அப்படி. அப்புறம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் துண்டை அவிழ்த்து முகத்தில் படிந்த புழுதியைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டு, “பூட்ச்சி, ஏறுங்க” என்றார்.

“எதுண்ணே பூட்ச்சி?” என்றேன்.

“காலி வண்டி.”

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. வரும் நோயாளிகளையெல்லாம் அதட்டியே மருந்து கொடுப்பவள். ஆனால் அன்றைக்கு ஒன்றைப் பார்த்தேன். அந்தச் சரிவில் ஒரு அம்மா ஆடு மேய்ப்பார். நாலைந்து ஆடுகள் ரோட்டிலேயே படுத்துக் கிடந்தன. கார்டு “வண்டி!” என்றதும், இல்லை, அதற்கும் கொஞ்சம் முன்னாலேயே, அவை எழுந்து மண்ணுக்குப் போய்விட்டன. வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். அடுத்த வாரம் அந்த வளைவில் அவர் எனக்கு முன்னால் மண்ணில் இறங்கினார்.

சேகர்தான் ஒருநாள் முடிவு கட்டப் பார்த்தான். வளைவு வந்ததும், “வண்டி!” என்ற குரல் கேட்டதும், நாங்கள் இரண்டு பேர் இறங்கினோம். அவன் இறங்கவில்லை. நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “வரட்டும், பாக்கலாம்” என்று சிரித்தான்.

அவ்வளவு வேகமாக அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, சேகரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் மண்ணில் உருண்டார்கள். சேகருக்கு முட்டி கிழிந்து ரத்தம். விலை உயர்ந்த சைக்கிள் ரோட்டில் கிடந்தது. அவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. அவனை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து, காத்திருந்து, “பூட்ச்சி” என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தார். அப்புறம் குந்தி உட்கார்ந்து அழுதார்.

“உங்க கண்ணுக்குத் தெர்லன்னா இல்லன்னு ஆயிடுமா சார்?” என்றார் சேகரிடம்.

சேகர் கறாராகச் சொல்லிவிட்டான். இனிமேல் அவர் வந்தால் நான் வரமாட்டேன். மனசு சரியில்லாத ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு ரோட்டில் போக முடியாது. வாத்தியாரும் தலையாட்டினார். யார் போய் அவரிடம் சொல்வது என்று பார்த்தால் என் தலையில் விடிந்தது. பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம்.

நான் தேடிப் போகவேண்டி இருக்கவில்லை. மாசம் ஒருமுறை அவரே என் கடைக்கு வருவார், பஞ்சு வாங்க. ஒரு பெரிய சுருள். என்ன காயமோ என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்குக் கேட்டேன்.

“இது எதுக்குண்ணே மாசாமாசம்?”

“காதுல வெக்கத்தான்ம்மா. ரோட்ல இருந்தா பரவால்ல, வர்றது தெரியும், போறது தெரியும். ஊட்டுக்குள்ள உக்காந்தா வர்றது மட்டுந்தான் கேக்குது.”

அவர் வீடு இருக்கிற சந்தில் ஆட்டோகூட நுழையாது.

நான் ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார். “என்னை வேணான்றாங்க இல்ல? கேட்டுச்சி.” யார் சொல்லி, எப்படிக் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்.

அவர் டிப்பர் டிரைவர். திராட்சைத் தோட்டம் தோட்டமாக இருந்தபோது நடந்தது. காலை ஏழு மணி, லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியாகக் குவாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் இன்னொரு டிப்பர். அதற்கும் முன்னால் தோட்டத்து வேலைக்குப் போகிற ஒருவன் சைக்கிளில்.

“கேரியர்ல சோத்துத் தூக்கு கட்டிக்கினு போய்க்கினு இருந்தாம்மா. முன்வண்டி ஹாரன் அடிச்சிது. ஒழுங்கா மண்ணுல எறங்கினான். முன்வண்டி பூட்ச்சி. சரி, பூட்ச்சின்னு நெனச்சிக்கினு ரோட்ல ஏறினான். பின்னாடியே நான் வர்றேன். அவனுக்கு எப்டிம்மா தெரியும்? சொல்றதுக்கு அவனுக்குப் பின்னாடி ஆள் இல்ல.”

கொஞ்ச நேரம் பஞ்சுச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் எறங்கி நிக்கறேன். ஒரு சத்தமும் இல்ல. தூக்குமூடி மட்டும் உருண்டுக்கினே போவுது. எவர்சில்வர் மூடி. தார்ல உருண்டு உருண்டு, சுத்தி, அப்புறம் உழுந்து அடங்கிச்சி. அது அடங்கற வரைக்கும் வண்டி போவலைன்னு அர்த்தம்மா. இன்னிக்கும் அது அடங்குனாத்தான் நான் பூட்ச்சின்னு சொல்லுவேன்.”

கேஸ் நடந்தது, லைசென்ஸ் போனது, உள்ளே இருந்துவிட்டும் வந்தார். அதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. சைக்கிளில் போகிறவர்களைக் கண்டால் பின்னால் போனார். எங்களுக்கு முன்னாலும் யார் யார் பின்னாலோ போயிருக்கிறார், பால்காரர், பேப்பர்காரர் என்று.

“அப்பவே உங்களுக்கும் ஒருத்தர் பூட்ச்சின்னு சொல்லியிருக்கணும்ணே” என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “அதெப்டிம்மா சொல்வாங்க? எனுக்குப் பின்னாடிதான் யாரும் இல்லியே.”

வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை வாங்கண்ணே என்றுதான் என் வாயில் வந்தது. சேகரிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் நாலு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு ஐந்தாவது வாரம் வந்து சேர்ந்தான். அவர் அவன் முட்டியைத்தான் முதலில் பார்த்தார்.

கடைசியாக அவரோடு போனது ஒரு மாசி மாதக் காலை. திருவக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மேடு ஏறும்போது பின்னால் பார்த்தேன், வந்துகொண்டிருந்தார். வளைவுக்குள் நுழைந்தோம். தூண்களின் நிழல் ரோட்டில் கிடந்தது. “வண்டி!” என்று குரல் வந்தது. பத்தடி பின்னால், எப்போதும் போல.

இறங்கினோம். இந்தமுறை நிஜமாகவே ஒரு டிப்பர் வந்தது. காலி வண்டி, தடதடவென்று எங்களை உரசிக்கொண்டு போய்விட்டது. சேகர் பெடலில் கால் வைத்து ரோட்டில் ஏறப் போனான். நான் அவன் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

“இன்னும் சொல்லல தம்பி.”

“அக்கா, போயிடுச்சுக்கா…” என்று அவன் அலுத்துக்கொண்டே நின்றான். அந்த வாக்கியம் முடிவதற்குள் இரண்டாவது டிப்பர் வந்தது. முன்னதன் புழுதிக்குள்ளேயே, ஹாரன் இல்லாமல், சேகர் ஏறியிருக்க வேண்டிய இடத்தின் மேல் போனது. காற்று எங்கள் மூன்று பேரையும் தள்ளியது. சேகர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“பூட்ச்சி”க்காகக் காத்திருந்தோம். புழுதி அடங்கியது. குரல் வரவில்லை. வாத்தியார்தான் முதலில் சைக்கிளைத் திருப்பினார்.

கால் கிலோமீட்டர் பின்னால், மேட்டின் மறுபக்கத்தில், முதல் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சைக்கிள் ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது. கண் திறந்து ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. ஆட்டுக்கார அம்மா கையில் சொம்போடு நின்றிருந்தார்.

“நீங்க மேடு ஏறக்கொள்ளவே எறங்கி உக்காந்துட்டாரும்மா. மார்ல கைய வெச்சிக்கினு, தண்ணின்னு சாடை காட்டினாரு. எடுத்துக்கினு வர்றதுக்குள்ள உசுரு பூட்ச்சி. அப்புறந்தான் அந்த ரெண்டு லாரியும் போச்சி.”

“அவரு ‘வண்டி’ன்னு கத்தினாரே?” என்றான் சேகர்.

“யாரு, இவரா? வாயே தொறக்கலயேப்பா.”

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் அந்தச் சந்துக்குப் போனேன். பெஞ்சில் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள். மூக்கிலும் காதிலும் பஞ்சு. “உங்க கடையில வாங்கினதுதாம்மா, வீட்ல இருந்துச்சி” என்று அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சேகர் சந்து முனையிலேயே நின்றுவிட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை, ஒரே ஒரு யோசனைதான் வந்தது. இந்த மனிதர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார், இவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லையே என்று. பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்தேன். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். “அண்ணே, வண்டி பூட்ச்சி” என்றேன். பஞ்சைத் திரும்ப வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அதற்கப்புறம்தான் அழுதேன். நல்ல காரியம் செய்ததாகவே அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது கடைசியில் நான் வருகிறேன். யாராவது வரத்தானே வேண்டும். பின்னால் வரும் வண்டி என் காதுக்கு முன்கூட்டியே தெரிகிறது. பஸ்ஸா, லோடா, காலியா என்பதும் தெரிகிறது. வளைவு வந்ததும் என்னையறியாமல் “வண்டி!” என்கிறேன். சேகர்தான் முதலில் மண்ணில் இறங்குகிறான். ரோட்டில் ஒன்றுமே இல்லை. வாத்தியார் திரும்பி, “சொல்லுங்கம்மா” என்பார். சொல்ல வாயெடுப்பேன், வராது. அங்கிருந்து கடைசித் தூண்வரை மூன்று பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மண்ணிலேயே நடக்கிறோம்.

அவர்களிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் காதில் பூட்ச்சி என்றதை நான் பார்த்துச் சொல்லவில்லை, சத்தம் அடங்கியதைக் கேட்டும் சொல்லவில்லை. மனசு பொறுக்காமல் சொன்னேன். தார் ரோட்டில் ஒரு எவர்சில்வர் மூடி உருளுகிற சத்தம் வளைவு முழுக்க எனக்குக் கேட்கிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. கடையில் எனக்கென்று ஒரு பஞ்சுச் சுருளைப் பிரித்து வைத்திருக்கிறேன். மூடி இன்னும் விழவில்லை.